மீண்டும் கற்கும் கைகள்

சென்னையில் அடையாற்றின் வடகரையில், ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் அமைந்துள்ளது ராஜா அண்ணாமலைபுரம். செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய பகுதி அது. அங்குள்ள பெரிய சாலை ஒன்று டாக்டர் துர்காபாய் தேஷ்முக்கின் பெயரால் வழங்குகிறது. நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர் அவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராய் இருந்தவர். மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவராய் விளங்கியவர். 1937-இல் அவர் சென்னையில் தோற்றுவித்த ஆந்திர மகிளா சபை இச்சாலையில்தான் இடம் பெற்றுள்ளது. பெண்களின் கல்விக்கெனத் தோன்றிய அச்சபை நாளடைவில் மருத்துவத் தொண்டிலும் ஈடுபட்டது. இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த பிள்ளைகளுக்காக ஓர் எலும்பு மருத்துவ நிலையமும் அதன் முயற்சியால் எழுந்தது.

போலியோ என்று வழங்கும் இளம்பிள்ளை வாதம் தசையைத் தாக்கும் நோய் அன்று. அந்நோயின் வைரஸ், தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழித்துவிடுகிறது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு சேர்க்கும் தூதர்கள் அவை. தூதர் மாண்டபின் தசைக்குக் கட்டளை வருவதில்லை. கட்டளை வராத தசை நாளடைவில் மெலிந்து சுருங்குகிறது. தொட்டால் உணரும் ஆற்றல் மட்டும் கெடாமல் இருக்கும். கால் இருக்கிறது, அதில் உணர்வு இருக்கிறது, ஆனால் அசைவில்லை. குழந்தையின் துன்பத்தை இது மிகுதிப்படுத்தியது.

தொடையின் முன்தசை வலுவிழந்த பிள்ளை அடியெடுத்து வைக்கும்போது, முழங்கால் மடிந்து விழப் பார்க்கும். அவ்வாறு விழாதபடி அப்பிள்ளை தன் கையால் தொடையை அழுத்தி ஊன்றிக்கொண்டு நடக்கும். தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் ஒரு காலத்தில் எல்லோரும் கண்ட காட்சி இது. அதைக் கண்டு இரங்கியவர் உண்டு. நகைத்த அறிவிலிகளும் உண்டு. ஆனால் அந்த நடையை அப்பிள்ளைக்குக் கற்பித்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பெற்றோர் கற்பிக்கவில்லை, மருத்துவரும் கற்பிக்கவில்லை. காலின் வேலையைக் கையும் பகிர்ந்துகொள்ளலாம் என்னும் உண்மையை அப்பிள்ளையின் உடலே கண்டறிந்தது. இக்கண்டுபிடிப்பு எவ்வாறு நிகழ்கிறது? இழந்த இயக்கத்தை உடல் மீண்டும் கற்க முடியுமா? முடியுமாயின் அதற்குத் துணைபுரியும் பயிற்சி எது? பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தின் அடிப்படைக் கேள்விகள் இவை.

மேசைமேல் உள்ள தண்ணீர்க் குவளையை எடுத்துப் பருகுவது மிக எளிய செயலாகத் தோன்றுகிறது. உண்மையில் அஃது எளிய செயல் அன்று. கை நீளும்போதே உடல் முன்புறம் சாயாதபடி முதுகின் தசைகள் இறுகுகின்றன. குவளையைத் தொடுமுன்பே விரல்கள் அதன் பருமனுக்கு ஏற்ப விரிகின்றன. பித்தளைக் குவளையாயின் பிடி இறுகுகிறது; காகிதக் குவளையாயின் பிடி தளர்கிறது. இவ்வளவும் நடக்கும்போது மனம் வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். இத்தனை தசைகளையும் ஒருங்கே ஆளும் அரசு எங்கே இருக்கிறது? இவ்வினாவிற்கு அறிஞர்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கூறினர். ஒவ்வொரு விடையும் நோயாளிக்குத் தரும் பயிற்சியை மாற்றியது.

முதல் விடையைத் தந்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். சுடுகலத்தைத் தொட்ட கை, வலி தெரியுமுன்பே பின்வாங்குகிறது. தோலில் தோன்றிய உணர்வு தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்தே தசைக்குக் கட்டளையாகத் திரும்பி வருகிறது. இதற்கு மறிவினை என்று பெயர். ஷெரிங்டன் 1906-இல் வெளியிட்ட நூலில் மறிவினைகளின் இயல்பை விரிவாக ஆராய்ந்தார். 1932-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு மறிவினையின் முடிவு அடுத்த மறிவினையின் தொடக்கமாக அமைய, அவற்றின் தொடரே நடை முதலிய இயக்கங்கள் என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

இலண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறொரு கருத்தை வகுத்திருந்தார். நரம்பு மண்டலத்தில் மேல்நிலை, இடைநிலை, கீழ்நிலை என அடுக்குகள் உண்டு. மேல்நிலை கீழ்நிலையை அடக்கி ஆள்கிறது என்பது அவர் கொள்கை. மாவட்ட ஆட்சியரின் ஆணை வட்டாட்சியர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரை அடைவதைப் போன்றது இது. மேல்நிலை கெட்டுவிட்டால் கீழ்நிலையின் செயல்கள் கட்டவிழ்ந்து தோன்றும். பக்கவாதம் கண்டவரின் முழங்கை தானே மடங்கி இறுகுவதற்கு இக்கொள்கை ஒரு விளக்கம் தந்தது.

இவ்விரு கொள்கைகளின் அடிப்படையில் இலண்டனில் கரேல் போபாத், பெர்ட்டா போபாத் என்னும் தம்பதியர் 1940-களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினர். வேண்டாத மறிவினையை அடக்கி, இயல்பான அசைவை மருத்துவப் பணியாளர் தம் கைகளாலேயே வழிநடத்தித் தூண்டுவது அம்முறை. மூளை முடக்குவாதம் கண்ட குழந்தைகளுக்கும் பக்கவாத நோயாளிகளுக்கும் உதவ வழியே இல்லை என்று கைவிடப்பட்டிருந்த காலத்தில், அவர்களைப் பரிவோடு தொட்டுப் பயிற்றிய பெருமை இம்முறைக்கு உண்டு. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. பயிற்சி அறையில் பணியாளரின் கை தாங்கும்போது வந்த இயக்கம், வீட்டுக்குச் சென்றபின் பல நேரங்களில் வரவில்லை. கற்க வேண்டிய நோயாளி, பிறர் அசைக்க அசையும் பொருளாக இருந்துவிட்டார்.

மறிவினைக் கொள்கைக்கே அடிப்படையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. உணர்வு மூளைக்குச் சென்று கட்டளையாகத் திரும்பி வரச் சிறிது நேரம் ஆகும். மிருதங்கக் கலைஞர் விரைவாக வாசிக்கும்போது, ஒரு விரல் பட்ட செய்தி மூளையை அடைந்து திரும்புமுன்பே அடுத்த விரல் தோலில் வீழ்ந்துவிடுகிறது. ஆகவே ஒன்றன் விளைவாக மற்றொன்று தோன்றுகிறது என்று கூற இயலாது. இயக்கத்தின் திட்டம் முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அமெரிக்க அறிஞர் கார்ல் லேஷ்லி 1951-இல் இக்கருத்தை வலியுறுத்தினார்.

உருசிய நாட்டு அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் அதற்கும் முன்பே, 1920-களில், மாஸ்கோவிலுள்ள தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதுமையான ஆராய்ச்சியை மேற்கொண்டிருந்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவர் அசைவை அடுத்தடுத்துப் படம் பிடித்தார். பல்லாயிரம் முறை அடித்துப் பழகிய தொழிலாளியின் அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். படங்கள் காட்டியதோ வேறு. சுத்தியலின் முனை ஏறக்குறையத் தவறாமல் உளியின் தலையிலேயே வீழ்ந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வேறுபட்ட வழியில் சென்றன. தோள் செய்த சிறு பிழையை முழங்கை ஈடு செய்தது. முழங்கையின் பிழையை மணிக்கட்டு ஈடு செய்தது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளி பிடித்து அமர்ந்திருக்கும் சிற்பியின் கையிலும் இதே உண்மையைக் காணலாம்.

இதிலிருந்து பெர்ன்ஸ்டைன் கண்ட முடிவு ஆழமானது. உடலில் மூட்டுகள் பல; தசைகள் அவற்றினும் பல. ஒரே செயலை எண்ணற்ற வழிகளில் செய்யலாம். மூளை ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியே ஆணை இடுவதில்லை. அடைய வேண்டிய பயனை முன்னிறுத்தி, தசைகளைக் குழுவாகச் சேர்த்து இயக்குகிறது. ஆகவே பயிற்சி என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அன்று. ஒரே சிக்கலுக்குத் திரும்பத் திரும்பத் தீர்வு காண்பது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அம்மி நகர்வது உண்மையே; ஆனால் அந்த அடிகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே பெர்ன்ஸ்டைன் கண்ட நுட்பம். தொடையில் கை ஊன்றி நடந்த பிள்ளையின் உடல் செய்ததும் இதுவே. நடத்தல் என்னும் பயன் முன்னே நின்றது. பழைய வழி அடைபட்டதால் உடல் புதுவழி கண்டது.

உடலின் இவ்வாற்றலுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. அது வேலூரில் நிகழ்ந்தது. 1914-இல் கொல்லிமலையில், அங்குச் சமயத் தொண்டாற்றிய ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு அவர் செங்கற்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றி வந்தார். நோயாளிகள் பலருடைய விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்து கிடந்தன. தசைகள் அனைத்தும் செத்துவிட்டன என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவர்களுள் ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, இறுகப் பிடிக்கும்படி பிராண்ட் கூறினார். அப்பிடியின் வலிமை அவர் கையை நோகச் செய்தது. வலியைவிட வியப்பே அவருக்கு மிகுதியாக இருந்தது. வளைந்த அக்கையில் வலிமையுள்ள தசைகள் இன்னும் இருந்தன!

காரணம் பின்னர் விளங்கியது. தொழுநோய்க் கிருமி, தோலுக்கு அருகே குளிர்ந்த இடங்களில் செல்லும் நரம்புகளையே மிகுதியும் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையில் உள்ள பெருந்தசைகள் பல தப்பிவிடுகின்றன. அவ்வாறு தப்பிய தசை ஒன்றைச் செயலிழந்த தசையின் வேலைக்கு அமர்த்தினால் என்ன? பிற நாட்டு அறுவை மருத்துவர்கள் வேறு நோய்களுக்கு வகுத்திருந்த முறையைத் தொழுநோயாளிகளுக்கு ஏற்ப அமைத்து, 1948 முதல் பிராண்ட் அறுவை செய்யத் தொடங்கினார். ஒரு விரலை மடக்குவதற்குத் தசைநாண்கள் இரண்டு உண்டு. ஒன்று இருந்தாலே விரல் மடங்கும். எனவே ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்து, இழைகளாகப் பிரித்து, வளைந்த விரல்களை நிமிர்த்தும் இடங்களில் அவர் பொருத்தினார்.

அறுவை மருத்துவரின் வேலை இத்துடன் முடிந்தது. நோயாளியின் வேலை இனித்தான் தொடங்கியது. சில வாரங்கள் மாவுக்கட்டில் இருந்த கை வெளியே வந்தபோது, அதன் தசை புதிய இடத்தில் இணைந்திருந்தது. ஆனால் மூளைக்கு அச்செய்தி தெரியாது. வாழ்நாள் முழுவதும் விரலை மடக்கிய தசை, இனி விரலை நிமிர்த்த வேண்டும். நோயாளி பழைய கட்டளையை மனத்தில் எண்ணுவார்; புதிய அசைவு சிறிதே தோன்றும். அதைக் கண்ணால் கண்டு மகிழ்ந்து மீண்டும் முயல்வார். நாள்தோறும் இவ்வாறு முயல, எண்ணமும் அசைவும் மெல்ல மெல்லப் புதிய முறையில் இணைந்தன. பின்னர்ப் பழைய கட்டளையை எண்ண வேண்டிய தேவையே இல்லாது போயிற்று. கையைத் திற என்று நினைத்தால் கை திறந்தது.

இதில் மற்றோர் இடையூறும் இருந்தது. தொழுநோய் கண்ட கைக்குத் தொடு உணர்வு இல்லை. பிடி இறுகியதா, தளர்ந்ததா, பொருள் சுடுகிறதா என்பதைக் கை சொல்லாது. எனவே கண்ணே கைக்கு உணர்வாக வேண்டியிருந்தது. பார்க்காமல் பிடித்தால் புண் உண்டாகும். வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பில், அறுவை முடிந்த இளைஞர்கள் தச்சுக் கருவிகளைப் பிடித்து வேலை கற்றனர். கருவியைப் பார்த்துப் பிடிக்கவும், நாள்தோறும் கையைத் தாமே சோதித்துக்கொள்ளவும் பழகினர். கூலி ஈட்டும் கையாக அது மாறியபோதுதான் சிகிச்சை நிறைவெய்தியது.

வேலூர் நோயாளிகளின் அனுபவம், கற்றலில் தன் முயற்சியின் விளைவை அறிவது எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது. அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ண்டைக் இதனை 1927-இல் ஓர் எளிய சோதனையால் விளக்கினார். கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிட்ட நீளமுள்ள கோடுகளை வரையும்படி சிலரிடம் கூறினார். சரியா தவறா என்று சொல்லாதபோது, எத்தனை கோடுகள் வரைந்தும் அவர்கள் முன்னேறவில்லை. சொல்லத் தொடங்கியதும் முன்னேறினர். பயிற்சி மட்டும் போதாது. பயிற்சியின் பயன் கற்பவருக்குத் தெரிய வேண்டும். அதே வேளையில், ஒவ்வோர் அசைவிற்கும் திருத்தம் சொல்லிக்கொண்டே இருத்தலும் நன்றன்று. அப்போது கற்பவர் தம் உடலின் செய்தியைக் கேட்பதை விட்டு, ஆசிரியரின் குரலையே நம்பி நிற்பார் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

கை கற்கும் கல்வி, ஏட்டுக் கல்வியினின்றும் வேறானது. ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கர், வலிப்பு நோய்க்காக 1953-இல் செய்த மூளை அறுவைக்குப் பின், புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க முடியாதவரானார். கண்ணாடியில் தெரியும் தம் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, இரட்டைக் கோடுகளுக்கு இடையே விண்மீன் வடிவத்தை வரையும் வேலையை, பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் அவருக்குத் தந்தார். மூன்று நாள் பயிற்சியில் அவர் கை நன்கு தேறியது. ஆனால் அவ்வேலையை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. 1962-இல் வெளியான இச்செய்தி அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பது ஒன்று. அசைவுகளைக் கற்பது மற்றொன்று. மூளையில் அவற்றிற்கு வெவ்வேறு இடங்கள் உண்டு. நினைவு தளர்ந்த முதியவரும் நடைப் பயிற்சியால் பயன்பெறக் கூடும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வுண்மை இடம் தந்தது.

கற்றலின் படிகளை ஃபிட்ஸ், போஸ்னர் என்னும் அறிஞர்கள் 1967-இல் மூன்றாக வகுத்தனர். மிதிவண்டி கற்கும் சிறுவன் முதலில் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செய்கிறான்; பிழைகள் மிகுதி. இரண்டாம் படியில் பிழைகள் குறைகின்றன. மூன்றாம் படியில் எண்ணமே வேண்டுவதில்லை. நண்பனோடு பேசிக்கொண்டே வண்டியைச் செலுத்துகிறான். பக்கவாதம் கண்டு நடை பயில்பவர், முதற்படியில் நிற்பவர். அவர் அடியெடுத்து வைக்கும்போது எதிரே நின்று குடும்பச் செய்தி பேசுவது அவருக்கு இடையூறாகும். அன்பு மிக்க உறவினர் அறியாது செய்யும் பிழைகளுள் இது ஒன்று.

பயிற்சியை எவ்வாறு அமைப்பது என்பதிலும் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. ரிச்சர்ட் ஷ்மிட் என்பவர் 1975-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். மூளை தனித்தனி அசைவுகளைச் சேமித்து வைப்பதில்லை; அவற்றின் பொதுவிதியையே கற்கிறது; எனவே பயிற்சி பலவகையாக அமைய வேண்டும் என்பது அது. 1979-இல் ஷே, மார்கன் என்னும் இருவர் நடத்திய சோதனையில், சிலர் ஒரு கை வேலையை முழுதும் முடித்தபின் அடுத்ததற்குச் சென்றனர்; வேறு சிலர் மூன்று வேலைகளை மாற்றி மாற்றிச் செய்தனர். பயிற்சியின்போது முதற்பிரிவினரே விரைவாகச் செய்தனர். ஆனால் பத்து நாள்களுக்குப் பின் சோதித்தபோது, மாற்றிச் செய்தவர்களே மேம்பட்டு நின்றனர். பயிற்சி வேளையில் எளிதாக வருவது வேறு. நிலைத்து நிற்பது வேறு. இடர்ப்பட்டுக் கற்றதே நெடுநாள் உதவுகிறது.

இனி, முன்னர்க் கூறிய ஷெரிங்டனின் சோதனை ஒன்றுக்குத் திரும்புதல் வேண்டும். 1895-இல் அவரும் மாட் என்பவரும் ஒரு குரங்கின் கையிலிருந்து உணர்வைக் கொண்டு செல்லும் நரம்புகளை வெட்டினர். கட்டளை செல்லும் நரம்புகள் கெடவில்லை. ஆயினும் குரங்கு அக்கையைப் பயன்படுத்தவே இல்லை. உணர்வின்றி இயக்கம் இல்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். அரை நூற்றாண்டிற்குப் பின் எட்வர்ட் டாப் என்பவர் இச்சோதனையை மீண்டும் ஆராய்ந்து ஒரு புதிய கேள்வி கேட்டார். அக்கையால் முடியவில்லையா, அல்லது குரங்கு முயலவில்லையா? அவர் குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தார். உணர்வற்ற கை உணவை எடுக்க நீண்டது! தொடக்கத்தில் அக்கை உதவாதிருந்தபோது, குரங்கு நல்ல கையையே நம்பிப் பழகிவிட்டது. பின்னர்ச் சிறிது ஆற்றல் திரும்பியும் முயல்வதை விட்டுவிட்டது. பயன்படுத்தாமையையும் உயிர்கள் கற்றுக்கொள்கின்றன என்பதே இதன் பொருள்.

பக்கவாதம் கண்ட மனிதருக்கும் இதுவே நேர்கிறது. நோயின் தொடக்க நாள்களில் தளர்ந்த கை உதவுவதில்லை. நல்ல கையே உண்ணவும் உடுக்கவும் போதுமானதாகிறது. வீட்டார் அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் தாமே செய்கின்றனர். தளர்ந்த கைக்கு ஆற்றல் திரும்பும் நாளில் அதற்கு வேலை இல்லாது போகிறது. இதனை மாற்ற, நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையாலேயே வேலை செய்யப் பயிற்றும் முறையை டாப் வகுத்தார். அமெரிக்காவில் பல மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 222 நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டன. இரண்டு வாரப் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் கையைவிட மேம்பட்டது. ஓராண்டிற்குப் பின்னும் அந்நலம் நிலைத்தது. ஆயினும் மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் அசையும் நிலையில் இருந்தவர்களுக்கே இம்முறை ஏற்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கொள்கைகள் எல்லாம் சேர்ந்து இன்றைய இயன்முறை மருத்துவத்தின் போக்கை மாற்றியுள்ளன. ஆஸ்திரேலியாவில் ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் என்னும் இரு பெண்மணிகள் 1980-களில் வலியுறுத்தியது போல், வாழ்க்கைச் செயல்களே பயிற்சியாக அமைதல் வேண்டும். வெறுமனே கையைத் தூக்கி இறக்குவதைவிட, அலமாரியிலிருந்து பாத்திரத்தை எடுத்து வைப்பது மேலான பயிற்சி. அவரவர் நாட்டு வாழ்க்கைக்கு ஏற்பவும் அஃது அமைய வேண்டும். கரண்டியால் உண்ணப் பயின்ற தமிழர் ஒருவர், சோற்றைப் பிசைந்து விரல் நுனியால் எடுத்து உண்ணும்வரை தம் கை திரும்பியதாகக் கருதமாட்டார். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதல், பேருந்தின் உயரமான படியில் ஏறுதல், வாசலில் குனிந்து கோலமிடுதல் முதலியவை இந்நாட்டு மக்களுக்கு உரிய பாடங்கள்.

பயிற்சிக்கு எல்லை இல்லை என்று கூறுவதும் உண்மை ஆகாது. இளம்பிள்ளை வாதத்தில் மாண்ட நரம்பணு மீண்டும் பிறப்பதில்லை. எஞ்சிய நரம்பணுக்கள் புதிய கிளைகள் விட்டு, ஆதரவற்ற தசை இழைகள் சிலவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும்; அவ்வளவே. அதற்குமேல் காலில் வலுவில்லையாயின், அது பிள்ளையின் சோம்பல் அன்று. தொடையில் கை ஊன்றும் நடை அறிவின் விளைவே ஆயினும், ஆண்டுகள் பல குனிந்து நடந்தால் முதுகும் இடுப்பும் கெடும். அங்கேதான் மருத்துவரின் துணை வேண்டும். முழங்காலைத் தாங்கும் இரும்புக் கவையும் ஊன்றுகோலும் தந்து, நிமிர்ந்து நடக்கும் வேறொரு தீர்வை அவர் பிள்ளைக்குக் காட்டுகிறார். ஆனால் அத்தீர்வையும் பிள்ளையின் உடல்தான் கற்க வேண்டும். முதல் நாள் கவை பாரமாகத் தோன்றும், பிள்ளை விழும், எழும். சில வாரங்களில் இரும்பும் காலும் ஒன்றாகிவிடும்.

இந்தியாவில் காட்டு வைரஸால் வந்த கடைசி இளம்பிள்ளை வாத நோய் 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தில் காணப்பட்டது. 2014 மார்ச்சு 27-ஆம் நாள், இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இந்நோயற்றது என்று உலக நல நிறுவனம் சான்றளித்தது. சொட்டு மருந்தின் வெற்றி அது. எனினும் இயன்முறை மருத்துவத்தின் பணி முடியவில்லை. பக்கவாதம் கண்ட முதியோர், விபத்தில் அடிபட்டோர், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தைகள் எனப் பலர் அதனை நாடுகின்றனர். அடையாற்றின் மறுகரையில் கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் என்னும் நிறுவனம் 1985-இல் தொடங்கப்பெற்றது, மூளை முடக்குவாதம் கண்ட குழந்தைகளுக்காகவே.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். இளமையில் கற்றல் எளிது என்பதற்கு அது சான்றாகலாம். முதுமையில் கற்றல் இயலாது என்பதற்குச் சான்றாகாது. ஐம்பதிலும் அறுபதிலும் கை மீண்டும் கற்கிறது. அதற்கு வேண்டுவன மூன்று: கற்பவரின் சொந்த முயற்சி, அம்முயற்சியின் பயனை அவர் அறிதல், வாழ்க்கைக்குப் பொருந்திய வேலை. இம்மூன்றையும் அறிந்தவர், நோயுற்றவருக்கு உதவும்போது ஒரு கணம் பொறுத்திருப்பர். சட்டைப் பொத்தானை மாட்டத் தடுமாறும் தாத்தாவின் கையிலிருந்து அதைப் பறித்து மாட்டிவிடாமல், அருகே அமர்ந்து காத்திருப்பர். பொத்தான் துளையில் நுழைய நேரம் ஆகலாம். அந்த நேரத்தில்தான் அவர் கை பாடம் படிக்கிறது.